வட்டார நாவலைப் பாதியில் விடாமல் முடிக்க: முடித்தவர்கள் மதிப்பெண்ணும் குறிப்பும்

கரிசக்காத்து:
வெக்கை, பூமணி, 1982. பத்துக்கு ஒன்பது.

"வட்டாரப் பேச்சு புரியல, மூடி வச்சிட்டேன்" என்பவர்கள் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இது. சின்னப் புத்தகம். பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானின் கையை மட்டும் எடுக்க நினைத்து அரிவாளை வீசுகிறான், ஆளே செத்துப்போகிறான். பிறகு எட்டு நாள் அப்பனும் மகனும் காடுமேடாக மறைந்து திரிகிறார்கள். கதை அவ்வளவுதான்.

நிறையப் பேர் சறுக்குவது மொழியில் இல்லை, 'அசுரன்' படத்தில். 2019இல் படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கியவர்கள், அப்பாவின் இளவயது முன்கதை எப்போது வரும் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அது படத்துக்காகச் சேர்த்தது, நாவலில் கிடையாது. வரிசையாகச் சண்டையும் வராது. ராத்திரி எங்கே படுப்பது, சோத்துக்கு என்ன வழி, வீட்டு ஆட்கள் என்ன ஆனார்கள் என்கிற கவலை, நடுவே கொலையான அண்ணனின் நினைப்பு. இதில்தான் நாவல் ஓடுகிறது. இதற்குத் தயாராக உட்கார்ந்தால் இரண்டு அமர்வில் முடிந்துவிடும்.

பெரும்பகுதி பேச்சு. முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு முரடாகத் தெரிகிற வரி காதுக்குச் சாதாரணமாக இருக்கும். 'அய்யா' என்றால் அப்பா. இது தெரியாமல் மூன்றாவதாக ஒரு பெரியவர் கூடவே வருகிறார் என்று நினைத்துப் படித்தவர்கள் உண்டு. ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், நிலத் தகராறு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிகிறது. அதுவரை யாருக்கு யாரோடு என்ன பகை என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெய்தல்:
ஆழி சூழ் உலகு, ஜோ டி குரூஸ், 2004. எட்டரை.

இதைப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பழியைப் பரதவர் என்கிற மீனவர்களின் பேச்சின் மேல் போடுகிறார்கள். உண்மையில் இடிக்கிற இடங்கள் இரண்டு: காற்று, ஆட்கள்.

காற்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் சிலுவை போட்டு வடக்கே வாடை, தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான் என்று எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவிடலாம். கடலின் நீரோட்டம் நீவாடு. காற்று ஒருபக்கம், நீவாடு மறுபக்கம் என்றால் கட்டுமரம் நினைத்த இடத்துக்குப் போகாது. பாய்மரத் தொழிலின் அடிப்படை இன்னும் எளிது: ராத்திரி கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் வெளியே போவது, பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்புவது. திரும்புகிற காற்று ஏமாற்றினால் கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் வந்து சேர முடியாது. இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் கடலில் தத்தளிக்கும் அந்த மூன்று பேரின் பகுதிகளில் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டிப் போக மனம் வராது. நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது ஆட்கள். கதை 1933இல் தொடங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் போகிறது. மூன்று தலைமுறை. ஊர் ஆமந்துறை, எல்லாம் வேதக்கார (கிறிஸ்தவ)ப் பெயர்கள். ஆள் ஆளாகக் குறித்தால் தாள் நிறைந்துவிடும், பிரயோஜனம் இருக்காது. வீடு வீடாகக் குறியுங்கள்: இந்த வீட்டில் இன்னார், பெண் கொடுத்த வீடு எது, பகையான வீடு எது. நடுவில் கரைக்கதை கொஞ்சம் தொய்கிறது. ஒன்றரை மதிப்பெண் அதற்குத்தான்.

இவருடைய இன்னொரு நாவல் கொற்கை (2013 சாகித்திய அகாதெமி விருது) வாங்கி வைத்திருப்பவர்கள் அதை இதற்குப் பிறகு எடுங்கள். அது இன்னும் தடிமன், இன்னும் கூட்டம்.

தாள்மடிப்பு:
பின்னால் சொல்பட்டியல் இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் திருப்பிப் பார்ப்பதா, இல்லை விட்டுவிட்டுப் போவதா? யாராவது சொல்லுங்கள்.

பழம்பதிப்பு:
முதல் அத்தியாயத்தில் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள், திருப்ப வேண்டாம். அத்தியாயம் முடிந்ததும் மொத்தமாக ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். கோடு போட்டதில் பாதி அதற்குள் தானாகப் புரிந்திருக்கும். வரிக்கு வரி திருப்பினால் முப்பதாவது பக்கத்தில் களைத்துப்போவீர்கள். கரிசல் எழுத்துக்குப் பட்டியல் போதவில்லை என்றால் கி.ரா. (கி. ராஜநாராயணன்) தொகுத்த 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' (1982) இருக்கிறது. அதைத் தனியாகவே உட்கார்ந்து படிக்கலாம், அவ்வளவு சுவாரசியம்.

இன்னொன்று: எல்லாரும் எட்டரை, ஒன்பது என்றே போடுகிறீர்கள். பிறகு எதற்கு மதிப்பெண்?

மெடான் தபால்:
சரி, நான் கூடுதலாகவே போடுகிறேன், திட்டுங்கள். புயலிலே ஒரு தோணி, ப. சிங்காரம், 1972. ஒன்பதரை. வட்டார நாவல் வரிசையில் இதை ஏன் சேர்த்தாய் என்பீர்கள். சுமத்ராவிலும் பினாங்கிலும் நடந்தாலும் பேச்சும் நினைப்பும் சிவகங்கை, மதுரைச் சீமைதானே.

முதல் முப்பது பக்கத்தில் கழன்றுகொள்பவர்கள் ஏராளம். சுமத்ராவின் மெடான் நகரத் தெருக்களின் டச்சுப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், வட்டிக்கடைச் சங்கதிகள் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. தெருப்பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், வழியில் தெரிகிற பலகை மாதிரி கடந்து போங்கள். கடை அடுக்கு மட்டும் தெரிய வேண்டும்: முதலாளி ஊரில் இருப்பார், இங்கே கடை நடத்துபவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். கிட்டங்கி என்பது கடையும் குடியிருப்பும் சேர்ந்த இடம். யார் யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பது இதை வைத்துத்தான் பிடிபடும்.

காலவரிசையும் வேண்டும். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் மெடானுக்குள் வருகிறான். 1945 ஆகஸ்டில் சரணடைகிறான். பின்னாலேயே டச்சுக்காரன் திரும்புகிறான், இந்தோனேசியர்கள் எதிர்க்கிறார்கள். நடுவில் இந்திய தேசிய ராணுவம். இந்த நான்கு வரியை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் நாயகன் பாண்டியன் எங்கே, எதற்காக ஓடுகிறான் என்று குழம்பாது.

குடித்துக்கொண்டே தமிழின் பெருமைகளைக் கிழித்துத் தொங்கப்போடும் பேச்சு ஒன்று வரும். பழந்தமிழ் வரிகள் கோணலாகத் திரிந்து வரும். பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம், குறள் ஓரளவு படித்திருந்தால் சிரிப்பு வரும். இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டுப் பிறகு வாருங்கள், கதை அறுந்துபோகாது. தொங்கான் (பாய்க்கப்பல்) புயலில் மாட்டுகிற பகுதியை மட்டும் துண்டு துண்டாகப் படிக்காதீர்கள், ஒரே மூச்சில் படிக்க வேண்டும்.

பட்டிக்காடு:
கூளமாதாரி, பெருமாள்முருகன், 2000. ஏழு. பழம்பதிப்பு அண்ணனுக்குச் சந்தோஷமா?

எழுத்தில் குறையில்லை. கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி என ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் பகல் பொழுதுகள் ஒன்றுபோல ஒன்று வந்துகொண்டே இருக்கின்றன. முன்பாதியில் நிதானம் வேண்டும். தெரிந்துகொண்டு தொடங்க வேண்டியது வருஷக் கூலி முறை. பையன் கவுண்டர் பண்ணயத்திலேயே (பண்ணையிலேயே) தங்கி வேலை பார்ப்பான், கூலி அவன் கைக்கு வராமல் பெற்றோருக்குப் போகும். பண்ணயக்காரர் மகன் செல்வன் கூடவே விளையாடினாலும் அவன் ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் விளையாட்டு என்ன ஆகும் என்பதை இதை வைத்துப் பாருங்கள். வெறும் சிறுவர் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

அதே கொங்கு வழக்கில் தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் (2023 சாகித்திய அகாதெமி) எட்டு. காரு மாமா சாவுக்கு வந்து கூடுகிற சொந்தங்கள்தான் நாவல். முதல் பத்துப் பக்கத்துக்குள் வம்சக்கோடு போடாவிட்டால் எந்த அத்தை எந்த அண்ணன் பெண்டாட்டி என்று திணறுவீர்கள்.

தாள்மடிப்பு:
கி.ரா.வில் கோபல்லபுரத்து மக்கள் நேரே எடுக்கலாமா? சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தானே.

பழம்பதிப்பு:
1991 விருது அதற்குத்தான். ஆனால் முதலில் கோபல்ல கிராமம் (1976) எடுங்கள். தெலுங்கு தேசத்திலிருந்து அந்த ஊர்க் குடும்பங்கள் ஏன் கிளம்பி வந்தன, காட்டை அழித்து ஊர் எப்படி எழுந்தது என்பதெல்லாம் அதில்தான். மங்கத்தாயார் அம்மாள் சொல்கிற பகுதியில் கதை முன்னும் பின்னும் போகும். கிழவி பேச்சு அப்படித்தான், வருஷக்கணக்குப் பார்க்காதீர்கள். முதல் புத்தகத்துக்கு எட்டு, இரண்டாவதுக்கு ஏழரை.