மறு: மறு: மங்கா கையேடு – ‘ஸ்டைல்’ என்பதற்கு என்ன போடலாம்? (திங்கள் காலைக்குள்)

அனுப்பியவர்: சு.
வெள்ளி, இரவு 9:40

குழுவினருக்கு வணக்கம்.

மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரையக் கற்றுத்தரும் ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு. திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. பெரும்பாலான சொற்களை ஒப்பேற்றிவிட்டேன். ‘கோமா’வுக்குக் கட்டம், அதைப் பக்கத்தில் பிரித்து அடுக்கும் ‘கோமாவாரி’க்குக் கட்டப்பிரிப்பு, ‘ஃபுகிதாஷி’க்குப் பேச்சுக்குமிழ், மையை முழுக்க அப்பும் ‘பெத்தா’வுக்குக் கருநிரப்பு, ஒரு புள்ளியை நோக்கிப் பாயும் ‘ஷூச்சூசென்’னுக்குக் குவிகோடுகள். இவற்றில் யாரும் கை வைக்க வேண்டாம், தயவுசெய்து.

இடறுவது ‘ஸ்டைல்’. ஜப்பானியத்தில் இதற்கு மூன்று சொற்கள். ‘எகாரா’ என்பது படத்தைப் பார்த்ததும் கண்ணில் படும் தோற்றம்: கண் எவ்வளவு பெரிது, கோடு தடிப்பா மெலிவா என்பது போல. ‘கஃபூ’ ஓவிய முறை. ஒரு காலத்துக்கோ ஒரு கூட்டத்துக்கோ பொதுவாகவும் இருக்கலாம். ‘சகுஃபூ’ கதையும் சொல்லும் விதமும் சேர்ந்த போக்கு. ஆங்கிலத்தில் மூன்றும் ஸ்டைல்தான். நானும் மூன்றுக்கும் ‘பாணி’ என்று போட்டுப் பார்த்தேன். கிடைத்த வாக்கியம்:

“மற்றவர் பாணியைப் பார்த்து வரைந்தால் உன் பாணி போய்விடும் என்று அஞ்சாதே, மங்கா பாணி என்று ஒரே பாணி கிடையாது, பல பாணிகளைப் பழகினால்தான் உன் பாணி வரும்.”

ஒரு வாக்கியத்தில் ஆறு பாணி. காப்பாற்றுங்கள்.

சு.

---

அனுப்பியவர்: புலவர் (ஓய்வு), தஞ்சை
வெள்ளி, இரவு 11:15

அன்புள்ள அம்மா,

முதலில் ‘மங்கா’வைப் பார்ப்போம். ஜப்பானியச் சொல் என்று எல்லாரும் அதைத் தாண்டிப் போகிறீர்கள். தமிழிலும் மங்கா உண்டு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மங்காப் புகழ், மங்கா விளக்கு. ஆகவே மங்கா ஓவியம் என்றால் ஒளி குன்றாத ஓவியம் என்றும் பொருள் கொள்ளலாம். ‘மங்காப் பாணி’ என்று வல்லினம் மிகும். உங்கள் வாக்கியத்தில் மிகவில்லை. ஜப்பானியத்தில் ‘மன்’ கட்டற்றுத் திரிவது, ‘கா’ படம். ஹொகுசாய் என்ற ஓவியர் 1814இல் வெளியிடத் தொடங்கிய 15 தொகுதிப் பட நூலுக்கும் இப்பெயர்தான்.

நிற்க. ஓவியத்துக்குப் பழம்பெயர் ஓவம். ‘ஓவத்து அன்ன இடனுடை வரைப்பின்’ என்பது புறம் 251. நெடுநல்வாடையில் அரசி ‘புனையா ஓவியம்’ போல இருக்கிறாள். நிறம் தீட்டாமல் கோட்டால் வடிவை மட்டும் காட்டிய படம் என்று உரை. கறுப்பு வெள்ளையில் வரும் உங்கள் மங்கா வேறென்ன?

‘ஸ்டைல்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொல்காப்பியச் செய்யுளியலில் வனப்பு எட்டு. அதை எடுத்தாளலாம். விரிவாக நாளை.

---

அனுப்பியவர்: ம.
சனி, காலை 7:02

ஐயா, வனப்பு என்றால் பிள்ளைகள் அழகு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே கோணல்மாணலாக வரைகிறவருக்கும் எகாரா உண்டு.

நான் பத்து வருடமாக ஜி-பென் (மையில் தோய்த்து மங்கா வரையும் பேனா) பிடிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். புதிதாக வருகிற பையனுக்கு ஸ்டைல் என்றால் கண். பெரிய கண், கூர்மோவாய், நெற்றியில் விழும் முடிக்கற்றை, முடிந்தது. நோட்டு முழுக்க ஒரே பக்கம் திரும்பிய முக்கால் முகமாக இருக்கும். கை வரைய வராது, அதனால் எல்லாப் பாத்திரங்களும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கும். ஏன்டா என்றால் ‘அது என் ஸ்டைல்’ என்பான். தெரியாததற்கும் ஸ்டைலுக்கும் வித்தியாசம் தெரிய இரண்டு வருடம் ஆகும். எனக்கு மூன்று ஆனது.

ஸ்டைல் உட்கார்ந்திருக்கும் இடமே வேறு. ஜி-பென் முனையை அழுத்தினால் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும். அந்த அழுத்தத்தை எங்கே கொடுக்கிறாய்? ஒரு பக்கத்தில் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை? ஸ்கிரீன்டோனை (புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்) நிழலுக்கு ஒட்டுகிறாயா, மனநிலைக்கு ஒட்டுகிறாயா? பி4 தாள், உள்ளே 270க்கு 180 மில்லிமீட்டர் சட்டம். அதை எத்தனை கட்டமாக உடைக்கிறாய், எந்தக் கட்டத்தை ஓரம் தாண்டி ஓடவிடுகிறாய்? இவை வருடக்கணக்கில் தாமாகப் படிகிறவை. கடையில் சட்டை எடுப்பது போல எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது.

இனோவே தகேஹிகோவின் கூடைப்பந்துத் தொடர் 1990இல் தொடங்கி 1996இல் முடிந்தது. முதல் தொகுதியையும் கடைசித் தொகுதியையும் அருகருகே வையுங்கள். முதலாவதில் அவர் உதவியாளராக இருந்த ஹோஜோ த்சுகாசாவின் சாயல் தெரியும். கடைசியில் வேறு ஆள் வரைந்தது போல இருக்கும். பிறகு வாள்வீரர் கதையில் தூரிகைக்கே போய்விட்டார். ஓதா எய்ச்சிரோ, வாத்சுகி நொபுஹிரோவிடம் உதவியாளராக இருந்தவர். இருவர் படமும் ஒன்றுபோலவா இருக்கிறது?

சொல்லுக்கு என் ஓட்டு: பாணி. எல்லாருக்கும் புரிகிறது. ஆறு தடவை வந்தால் வரட்டும்.

---

அனுப்பியவர்: வி.
சனி, காலை 9:30

> சொல்லுக்கு என் ஓட்டு: பாணி

ம. தம்பி, நீங்கள் சொன்னது அத்தனையும் பாணிக்கு எதிரான சாட்சி.

இசையில், நாட்டியத்தில் பாணி என்பது ஆசிரியர் வழி வருவது. வீணையில் தனம்மாள் பாணி. பரதத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி. அது ஒரு வீடு, நாம் அதற்குள் போய்க் குடியிருக்கிறோம். அரங்கேற்றம் முடிந்த மறுநாள் ஒரு பெண் ‘என் பாணி’ என்றால் ஆசிரியர் சிரிப்பார். தோக்கியோவில் தொகிவா-சோ என்று ஓர் அடுக்குக் குடியிருப்பு இருந்ததே; மங்கா ஓவியர் தெசுகா ஒசாமு குடியிருந்து போன இடத்துக்கு ஃபுஜிகோ இரட்டையரும், இஷினொமோரியும், அகாத்சுகாவும் வந்து தங்கி வரைந்தார்கள். அங்கிருந்து பரவியதைப் பாணி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தர் கைக்கு மட்டும் சொந்தமானது பாணி ஆகாது.

ஆக ‘மங்காப் பாணி’ சரி. ‘உன் பாணி’ சரியில்லை. அதற்குத்தான் சொல் வேண்டும்.

---

அனுப்பியவர்: த.
சனி, பகல் 12:10

பாணி என்ற சொல்லே கூடாது என்பது என் நிலைப்பாடு. வடமொழியில் பாணி என்றால் கை. சக்கரபாணி, தண்டபாணி. நமக்கு ‘நடை’ என்ற அருமையான சொல் இருக்கும்போது ஏன் கடன்? உரைக்கு உரைநடை, வரைவதற்கு வரைநடை. தனிப்பட்டவருக்குத் தன்னடை. முடிந்தது.

---

அனுப்பியவர்: புலவர் (ஓய்வு), தஞ்சை
சனி, பகல் 12:48

அவசரம் கூடாது. இங்கே இரண்டு பாணிகள் உள்ளன. கையைக் குறிப்பது வடசொல். மற்றது பண், பாண், பாணர், பாணி என்று வருவது. சிலம்பில் தாளம் என்ற பொருளில் காணலாம். ‘ஸ்டைல்’ பாணி இரண்டாவதன் வழித்தோன்றல் என்பது என் துணிபு.

வரைநடை பற்றி: வரை என்றால் மலை. வரைநடை என்றால் மலையேற்றம்.

---

அனுப்பியவர்: த.
சனி, பகல் 1:05

> என் துணிபு

துணிபுக்குச் சான்று?

---

அனுப்பியவர்: கா. (தொராண்டோ)
சனி, மாலை 6:20

இங்கே இப்பதான் விடிந்தது. எல்லாரும் ‘வரை’, ‘வரை’ என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் படம் கீறுவதுதான். பள்ளிக்கூடத்தில் ‘ஒரு வீடு கீறு’ என்றுதான் ரீச்சர் சொல்லுவா. உங்களுக்கு அது பிளேடால் கீறுவது போலக் கேட்கும், தெரியும். ஆனால் ம. அண்ணை, ஜி-பென் முனை தாளில் போகும்போது கேட்கிற சத்தம் வரைகிற சத்தமா, கீறுகிற சத்தமா? நேர்மையாகச் சொல்லுங்கோ.

---

அனுப்பியவர்: ம.
சனி, மாலை 6:31

நேர்மையாக: கீறுகிற சத்தம்தான். மட்டமான தாள் என்றால் கிழிக்கிற சத்தம்.

---

அனுப்பியவர்: த.
சனி, மாலை 7:15

ஒன்று கவனித்தீர்களா? கஃபூ, சகுஃபூ இரண்டிலும் வரும் ‘ஃபூ’வின் எழுத்து காற்று என்று பொருள்படும். ஆகவே நேர்த் தமிழ் ‘ஓவியவளி’.

---

அனுப்பியவர்: வி.
சனி, மாலை 7:22

வளி மிகுந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

---

அனுப்பியவர்: சு.
சனி, இரவு 10:50

இருபத்தேழு மடல்களில் ஒன்பது என் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. நன்றி.

வி. அக்கா சொன்ன பிரிவினையை எடுத்துக்கொள்கிறேன். கஃபூவுக்குப் பாணி, சகுஃபூவுக்குப் படைப்புப் போக்கு. எகாராவுக்குக் ‘கைவண்ணம்’ எப்படி? கம்பரிடமே இருக்கிறது, ‘கை வண்ணம் அங்குக் கண்டேன்’. த. அவர்களும் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

---

அனுப்பியவர்: த.
சனி, இரவு 10:58

வண்ணம் < வர்ணம்.

---

அனுப்பியவர்: புலவர் (ஓய்வு), தஞ்சை
சனி, இரவு 11:40

தொல்காப்பியர் இருபது வண்ணம் சொல்கிறார். அங்கே வண்ணம் நிறமன்று, ஓசை. ‘இவ்வண்ணம்’ என்றால் இவ்விதம். இருபதையும் இங்கே பட்டியலிடுவது பயனுடையது: பாஅ வண்ணம், தாஅ வண்ணம், வல்லிசை வண்ணம்…

(நிர்வாகி: மீதி பதினேழும் இணைப்பில் உள்ளன.)

---

அனுப்பியவர்: நா. (ஓவிய ஆசிரியர்)
ஞாயிறு, காலை 8:00

வகுப்பறையிலிருந்து ஒரு குரல். கைவண்ணம் என்று கரும்பலகையில் எழுதினால் முதல் கேள்வி இதுதான் வரும்: ‘சார், படம் கறுப்பு வெள்ளையா இருக்கே, வண்ணம் எங்கே?’ இரண்டாவது, ‘இது யாருடைய கைவண்ணம்?’ என்று நான் கேட்டாலே யாரோ சுவரில் கிறுக்கியிருக்கிறார்கள் என்று பின்வரிசை எழுந்து நின்றுவிடும். பழக்கம் அப்படி.

---

அனுப்பியவர்: ம.
ஞாயிறு, காலை 10:25

எங்கள் தெருவில் மார்கழியில் எல்லா வாசலிலும் கோலம். புள்ளிக் கணக்கு ஒன்றுதான், நெளியும் ஒன்றுதான், நோட்டைப் பார்த்துப் போடுவதுதான். ஆனாலும் யார் போட்டது என்று அம்மா தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஒருத்தர் இழை நூல் போல இருக்கும், இன்னொருத்தர் வளைவில் மாவு கொஞ்சம் கூட விழும். கேட்டால் ‘அது அவ கைவாகு’ என்பார்.

எகாரா என்பது அதுதான், அச்சு அசல். கைவாகு.

பிறர் படத்தைப் பார்த்து வரைகிற ‘மோஷா’ பயிற்சி எனக்கு இதனால்தான் பயமில்லாமல் போனது. ஒரே படத்தை நூறு முறை பார்த்து வரைந்தாலும் நம் வளைவில் மாவு கூடத்தான் விழும்.

---

அனுப்பியவர்: வி.
ஞாயிறு, காலை 10:31

இதற்கு நான் ஓட்டுப் போடுகிறேன். சமையலில் ‘கைப்பக்குவம்’ போல.

---

அனுப்பியவர்: கா. (தொராண்டோ)
ஞாயிறு, காலை 11:10

நித்திரை வரவில்லை. எங்கட பக்கம் கைவாகு என்று சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் விளங்குது. ஆதரவு.

---

அனுப்பியவர்: புலவர் (ஓய்வு), தஞ்சை
ஞாயிறு, பகல் 2:00

வாகு என்பது ‘பாஹு’ என்ற வடசொல்லின் திரிபாகவும் இருக்கலாம், தோள் என்று பொருள். அப்படியானால் கைவாகு என்பது கைத்தோள். ‘வாகாக’ என்கிறோமே, அந்த வாகு என்றால் பொருத்தம், இசைவு. இரண்டுக்கும் உறவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

---

அனுப்பியவர்: நா. (ஓவிய ஆசிரியர்)
ஞாயிறு, பகல் 2:20

தோள் என்றால் இன்னும் நல்லது ஐயா. நீளக்கோட்டை மணிக்கட்டிலிருந்து இழுக்காதே, தோளிலிருந்து இழு என்று வருடம் முழுக்கக் கத்துகிறேன்.

---

அனுப்பியவர்: நிர்வாகி
ஞாயிறு, இரவு 8:00

எகாராவுக்குக் கை தூக்கியவர்கள்: கைவாகு 6, பாணி 4, கைவண்ணம் 2, தன்னடை 1 (த.), ‘எகாரா என்றே விடலாம்’ 1. வாக்களிக்காமல் மேற்கோள் அனுப்பியவர்: 1.

---

அனுப்பியவர்: சு.
ஞாயிறு, இரவு 9:15

மாற்றிவிட்டேன். இப்போது அந்த இடம்: “மற்றவர் படத்தைப் பார்த்து வரைந்தால் உன் கைவாகு போய்விடும் என்று அஞ்சாதே. மங்காவில் பாணிகள் பல. அவற்றைப் பழகப் பழகத்தான் உன் கைவாகு தெரியவரும்.” பதிப்பாசிரியர் ‘கைவாகா, கைவாக்கா?’ என்று ஒருமுறை கேட்டார். அதோடு விட்டுவிட்டார்.

---

அனுப்பியவர்: த.
ஞாயிறு, இரவு 10:40

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பேச்சுவழக்குக் கொச்சையைக் கலைச்சொல் ஆக்குவது தவறான முன்மாதிரி. தன்னடையில் என்ன குறை என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

---

அனுப்பியவர்: கா. (தொராண்டோ)
ஞாயிறு, இரவு 10:44

‘தன்னடை’ என்று கேட்க, கோழி தானே அடைகிடக்கிற மாதிரி இருக்கு.

---

அனுப்பியவர்: சு.
ஞாயிறு, இரவு 11:30

மன்னிக்கவும், இன்னும் ஒன்று. 41ஆம் பக்கத்தில் ‘நேமு’ வருகிறது. சரியாக வரையத் தொடங்கும்முன், கட்டங்களையும் வசனத்தையும் மட்டும் கிறுக்கிப் பதிப்பாசிரியரிடம் காட்டுகிற வரைவு. குச்சி மனிதர்களாகக்கூட இருக்கலாம். ஆங்கிலத்தின் ‘நேம்’தான், ஆனால் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘முன்வரைவு’ என்று போட்டிருந்தேன். பிறகு புலவர் ஐயா வெள்ளிக்கிழமை சொன்ன ‘புனையா ஓவியம்’ ஞாபகம் வந்தது. மை ஏறாத, டோன் ஒட்டாத, எதுவும் புனையாத படம்.

ஐயா, அதைப் ‘புனையா’ என்று மட்டும் சுருக்கலாமா? அந்தப் பெட்டியில் ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை.