நம்ம வீட்டுக் குழு: நித்யாவோட பிரவுன் ஷாம்பு

புதன்கிழமை

ராஜி சித்தி (காலை 7:12): நித்யா, நேத்து கவி போட்ட போட்டோல உன் முடி நல்லா இருக்கே. பொங்கலுக்கு வந்தப்ப நுனியெல்லாம் செம்பட்டையா இருந்துச்சு. திரும்ப பார்லர் போனியா?

நித்யா (7:20): இல்ல சித்தி. ஒரு ஷாம்புதான். பிரவுன் முடிக்குன்னே வர்ற கலர் ஷாம்பு.

திவ்யா: அக்காாா பேர் சொல்லு. கவி அக்கா வளைகாப்புக்குள்ள நானும் பிரவுன் ஆகணும்

நித்யா: உனக்கு ஆகாது டி

திவ்யா: ஏன்???

நித்யா: கேப்ல ஏறிட்டு முழுசா சொல்றேன்

நித்யா (7:51): தீபாவளிக்கு முன்னாடி பார்லர்ல பிரவுன் போட்டேன்ல, ரெண்டு மாசம்தான் நல்லா இருந்துச்சு. அப்புறம் துருப்பிடிச்ச மாதிரி ஒரு கலர். நம்ம கருப்பு முடிய வெளுக்க வச்சா அடியில இருந்து வர்றது செவப்பும் ஆரஞ்சும்தான். மேல போட்ட பிரவுன் ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா போகப் போக அது வெளிய தெரியுது. எங்க வேளச்சேரி வீட்ல போர் தண்ணி வேற. பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதே, அதே உப்பு முடியிலயும் படிஞ்சு முடி வறண்டு போகுது. வெயில பத்தி சொல்லவே வேணாம்.

நித்யா (7:55): இந்த ஷாம்புல கொஞ்சம் பிரவுன் சாயம் கலந்திருக்கு, அவ்ளோதான். அமோனியா இல்ல, பெராக்சைடு இல்ல. அதனால கருப்ப வெளுக்க வைக்காது. முடியோட மேலாப்புல ஒட்டிக்கிட்டு நிக்கும், சில தடவ தலைக்கு ஊத்தினா போயிடும். ஏற்கனவே கலர் பண்ணி சொரசொரன்னு ஆன முடியில நல்லா பிடிக்குது. திவ்யா, உன் முடி கன்னங்கரேல்னு இருக்கு. கருப்புத் துணியில காபி கொட்டின மாதிரிதான், யார் கண்ணுக்கும் தெரியாது.

திவ்யா: அப்ப ப்ளூ ஷாம்பு? என் ஃப்ரெண்ட் அதான் போடறா

நித்யா: அது ஆரஞ்ச அடக்கறதுக்கு. நீலம் ஆரஞ்சுக்கு எதிர் கலர், ஊதா மஞ்சளுக்கு எதிர் கலர். நான் மொதல்ல விவரம் தெரியாம ஊதா வாங்கி ஒரு மாசம் போட்டேன். அது ரொம்ப வெளுத்த முடிக்கு. எனக்கு இருந்தது ஆரஞ்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல.

ராஜி சித்தி: எத்தன தடவைல தெரிஞ்சுது?

நித்யா: மூணாவது தடவை சித்தி. வாரத்துக்கு ரெண்டு நாள், தேச்சுட்டு அஞ்சு நிமிஷம் விட்டு அலசணும். மொத தடவ நுரையே காபி கலர்ல வருது, பாத்ரூம் தரையெல்லாம் வழியுது. வெள்ளத் துண்டுல துடைச்சுட்டேன், அந்தத் துண்டு இனிமே வீடு துடைக்கத்தான். நகக்கண்ணுல கூட ஏறிடுச்சு. பழைய துண்டும் கையுறையும் கட்டாயம். ஆனா மூணாவது வாட்டி காய வச்சுப் பாத்தப்ப அந்தத் துரு கலர் அடங்கி, பழைய பிரவுன்ல முக்கால்வாசி வந்துடுச்சு. வேர்ப்பக்கம் புதுசா வளந்த கருப்பு அப்படியேதான் இருக்கு. அதுக்கு இது வழி இல்ல.

நித்யா: இன்னொண்ணு. கடைசியா ரெண்டு மக் மெட்ரோ வாட்டர் எடுத்து அலசறேன். முடி பிடிச்சுப் பாத்தாலே வித்தியாசம் தெரியுது. வெந்நீர விட்டுட்டேன். எனக்கென்னவோ ஷாம்புவ விட இந்த ரெண்டுதான் கலர நிக்க வைக்குதுன்னு தோணுது.

முரளி மாமா (9:05): பாட்டில் என்ன விலை மா?

நித்யா: எழுநூறு கிட்ட மாமா

முரளி மாமா: இதுக்கெல்லாம் சாஷே வரணும். ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு பிடிச்சா பாட்டில் வாங்கலாம். கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் ஷாம்புவ சின்ன கவர்ல அடைச்சு எல்லார் கைக்கும் கொண்டு போகலாம்னு காட்டினவர். அப்புறம் அவர் பையன் 1983ல சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். எங்க சின்ன வயசுல தலைக்கு சீயக்காய்தான். சாஷே வந்தப்புறம்தான் எங்க தெருவுல எல்லா வீட்லயும் ஷாம்பு.

மாலா அத்தை (9:40): நித்யா, சாஷேலதான் ஷாம்பு கலர்னு விக்குதே. அதுவும் நீ சொல்றதும் ஒண்ணா?

நித்யா: இல்ல அத்தை, ரெண்டும் வேற வேற. ரெண்டு கவர் கலந்து தேய்க்கறது நெஜமான டை. பேருதான் ஷாம்பு. அதுல பெரும்பாலும் பி.பி.டி.ங்கற சாயப்பொருள் இருக்கும், கூட பெராக்சைடும் இருக்கும்.

மாலா அத்தை: ஓ

மாலா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: என்ன அத்தை? சொல்லுங்க

மாலா அத்தை (10:02): ஒண்ணுமில்ல மா. எனக்கு ஆகுமான்னு கேக்க வந்தேன். வளைகாப்புக்கு எல்லாரும் வருவாங்க. என் தலை முழுக்க நரை.

முரளி மாமா (10:10): நானே சொல்லிடறேன். 2019ல இவ டை போட்டா. ராத்திரி அரிப்புன்னா, காலைல பாத்தா நெத்தி வீங்கி ரெண்டு கண்ணும் தொறக்க முடியல. பயந்துட்டேன். டாக்டர் டை அலர்ஜின்னு சொல்லி ஊசி போட்டார். அதுலேர்ந்து எந்த போட்டோவுலயும் பின்னாடி போய் நிக்கறா. எத்தன சொன்னாலும் கேக்கறதில்ல.

ராஜி சித்தி: அண்ணி, எங்ககிட்ட சொல்லவே இல்லியே நீங்க

மாலா அத்தை: சொல்ற அளவுக்கு என்ன இருக்கு ராஜி

நித்யா (10:31): அத்தை, தயவுசெஞ்சு இந்த ஷாம்புவையும் தொடாதீங்க. இதுல பெராக்சைடு இல்லதான், ஆனா சாயம் சாயம்தான். ஒரு சாயத்துக்கு அலர்ஜி வந்தவங்களுக்கு வேற சில சாயமும் ஒத்துக்காம போகலாம். அதோட நரையில இது ஒரே மாதிரி ஏறாது, திட்டுத்திட்டா நிக்கும். அதுக்காக நீங்க ஆபத்த இழுத்துக்க வேணாம்.

ராஜி சித்தி: இங்க பாட்டி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்றத அப்படியே டைப் பண்றேன். "மருதாணியும் அவுரியும் போடச் சொல்லு. திண்டிவனம் பக்கம் அவுரி போடறாங்க, நல்ல பொடி கிடைக்கும். மொத நாள் மருதாணி. அலசிட்டு மறுநாள் அவுரிய தண்ணியில குழைச்சு உடனே பூசணும், ஊற வைக்கக் கூடாது. பூசி அலசினதும் பச்சையாத் தெரியும், பயப்படாத. காத்துபட்டு அடுத்த நாள் கறுக்கும்."

நித்யா: பாட்டி சொல்றது ரொம்ப சரி. மருதாணி தனியாப் போட்டா நரை ஆரஞ்சாகும், அவுரி சேந்தாதான் பிரவுன். ஆனா அத்தை, கடையில கருப்பு மருதாணின்னு விக்கறத வாங்காதீங்க. சுத்தமான மருதாணி கருக்காது. கருப்பா வருதுன்னா பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு இருக்கு. பொடியில வேற எதுவும் சேக்கலன்னு பாத்து வாங்கணும். அதையும் முழங்கை உள்பக்கம் தடவி 48 மணி நேரம் பாத்துட்டுத்தான்.

மாலா அத்தை: அவ்ளோ நாள் இருக்கா வளைகாப்புக்கு?

திவ்யா: 12 நாள் இருக்கு அத்தை

நித்யா: எல்லாத்துக்கும் முன்னாடி தோல் டாக்டர்கிட்ட போலாம். முதுகுல சின்னச் சின்னதா பேட்ச் ஒட்டி எதுக்கு அலர்ஜின்னு பாப்பாங்க. ரெண்டு நாள் ஒட்டி வச்சிருக்கணும், முதுகுல தண்ணி படக்கூடாது. அப்புறம் எடுத்துட்டு மறுபடி ஒரு தடவ பாப்பாங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அது. அவுரியும் அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான்.

முரளி மாமா: இத அஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கேன். நீ சொன்னா கேப்பா.

மாலா அத்தை (11:15): நீ கூட வருவியா நித்யா

நித்யா: வராம? சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு மாம்பலம் வந்துடறேன். பஸ் வேணாம், என் வண்டியிலயே போலாம்.

ராஜி சித்தி: அண்ணி, முதல் வரிசையில எனக்குப் பக்கத்துல நிக்கப் போறீங்க. நரையோ பிரவுனோ.

திவ்யா: அக்கா, அப்ப அந்த பாட்டில் எனக்கு வேணாம். சனிக்கிழமை நானும் வரட்டுமா

நித்யா: வண்டியில ரெண்டு பேர்தான் டி. மெட்ரோல வந்து சேந்துக்கோ

நித்யா: அத்தை, அந்த டை பேரு ஞாபகம் இருக்கா? டாக்டர் கேப்பாங்க. அட்டை இருந்தா இன்னும் நல்லது.

மாலா அத்தை (11:32): இருக்கு மா. அன்னிக்கே எடுத்து பீரோல புடவைக்கு அடியில வச்சேன். தூக்கிப் போட மனசு வரல. சனிக்கிழமை கொண்டு வரேன்.