மலைப்பாதையில் ஓடும் மஹிந்திரா தாருக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

நாகலூர்த் தோட்டம்:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். 2021இல் வாங்கிய டீசல் தார் ஒன்றும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தோட்டத்தில் உழைக்கும் டிஐ எஞ்சின் ஜீப் ஒன்றும் எங்களிடம் உள்ளன. ஐப்பசி மழையில் ஓடையைக் கடந்து வந்த மறுநாள், தாரில் செக் எஞ்சின் விளக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தன. சேலத்துக்கு இறக்கி ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி எதையோ அழுத்தியதும் விளக்குகள் அணைந்தன. என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டதற்கு, "சென்சார் கோளாறுதான், சரியாகிவிட்டது" என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை; பணம் மட்டும் குறையாமல் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டு விளக்குகளும் மறுபடி எரியத் தொடங்கின.

ஒவ்வொரு முறையும் இருபது வளைவு இறங்கி ஏற முடியாது என்பதால், சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்க நினைக்கிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் கருவி போதுமா, அல்லது விலை கூடியதுதான் வேண்டுமா? இருபதாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஜீப்புக்கும் அதே கருவி உதவுமா?

ஐந்துரோடு வயரிங்:

ஜீப்பை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பழைய டிஐ எஞ்சினில் டீசலை அளந்து அனுப்புவது இயந்திரப் பம்புதான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கிடையாது என்பதால் ஸ்கேனர் பேசுவதற்கு அங்கே ஆளே இல்லை.

தாரைப் பொறுத்தவரை, கடைக்காரர் "ஓபிடி 2 எல்லா வண்டிக்கும் வேலை செய்யும்" என்று சொன்னால் அது பாதி உண்மை. ஓபிடி 2 என்பது வண்டியின் கணினியோடு ஸ்கேனர் பேசும் முறை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருப்பது புகைக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய பகுதி மட்டுமே. பி0 என்று தொடங்கும் கோடுகளில் பெரும்பாலானவற்றை எந்த மலிவுக் கருவியும் படித்துவிடும். ஆனால் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் கோணம் போன்றவை தனித்தனிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன, அவற்றோடு பேச அந்தந்த நிறுவனத்தின் முறை கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு எரிந்த இரண்டு விளக்குகளில் ஒன்று ஏபிஎஸ் என்பதால், எஞ்சினை மட்டும் படிக்கும் கருவியை வாங்கினால் பாதிக் கேள்வி அப்படியே நிற்கும்.

ஆகவே ஸ்கேனர் பெட்டியின் மேல் மஹிந்திரா என்ற பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். 2020க்குப் பிந்தைய தார், டீசல், ஏபிஎஸ் என்று மெனுவில் இறங்கி, நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியாகத் திரையில் ஓடுகிறதா என்று உங்கள் வண்டியிலேயே செருகிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஓடையில் இறங்கிய வண்டியில் இது மிக முக்கியம். பத்து கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டும்போது மூன்று சக்கரங்கள் பத்து காட்டி ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தால், அந்தச் சக்கரத்தின் சென்சாரில் சேறு இருக்கிறது, அல்லது ஒயர் உரசி அறுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எதையும் கழற்றாமலேயே இடம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டாத கருவியைத் தொடவே வேண்டாம். கோடு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், சுமை, வெப்பம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்ற குறிப்பு அது. உங்கள் பட்டறைக்காரர் கோட்டை எழுதிவைக்காமல் அழித்தபோது அந்தக் குறிப்பும் சேர்ந்தே அழிந்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

குப்பனூர்ப் பாதை:

மேலே சொன்னது சரிதான், ஆனால் ப்ளூடூத் கருவியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளாக என் வண்டியில் ஒன்று இருக்கிறது. போலிகள் மலிந்த சந்தை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் ஈஎல்எம்327 சிப்பில் 1.5 பதிப்பு என்று பலரும் விற்கிறார்கள்; அந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை.

கருவி உண்மையான அளவைத்தான் காட்டுகிறதா என்று சோதிக்க நம் ஊருக்கே உரிய வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, மேனிஃபோல்ட் அழுத்தம் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம்) எவ்வளவு என்று பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தமாகவே இருக்க வேண்டும். சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில் அது 98 கிலோபாஸ்கலை ஒட்டியும், 1,500 மீட்டரை ஒட்டிய ஏற்காட்டில் 85ஐ ஒட்டியும் இருக்கும். மலை மேலும் 98 என்றே காட்டினால் கருவியையோ சென்சாரையோ சந்தேகிக்கலாம். அடிவாரத்தில் ஒருமுறை, ஏரிக்கரையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் போதும்.

செருகியபடியே விட்டுவிட வேண்டாம். ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டிருக்கும். பத்து நாள் எடுக்காத வண்டி காலையில் கிளம்பாமல் போய் நான் பட்டிருக்கிறேன்.

கோரிமேடு டீசல்:

செக் எஞ்சின் விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. உங்களுடையது பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட டீசல், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டீபிஎஃப் வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். தோட்டத்துக்குள் முதல் இரண்டு கியரில் ஊர்வதும், மலையிறங்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வருவதுமாக இருந்தால் புகைக்குழாய் அந்தச் சூட்டைத் தொடவே வாய்ப்பில்லை. பி2463 என்ற கோடு வந்தால் கரி மிகுந்துவிட்டது என்று பொருள். எனவே கரியின் அளவைக் காட்டுவதோடு, வண்டியை நிறுத்திவைத்தே ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரித்தல்) செய்யும் வசதியும் உள்ள ஸ்கேனராகப் பாருங்கள். மலையில் இருப்பவர்களுக்குக் கோடு அழிக்கும் பொத்தானைவிட அதுவே பெரிது.

அதைச் செய்யும்போது சில்வர் ஓக் சருகு கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிடாதீர்கள். புகைக்குழாயின் சூட்டில் சருகு பற்றிக்கொள்ளும். காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களம் வெறுமையாக இருந்தால் அதில் நிறுத்துங்கள். முடிந்ததும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

நாகலூர்த் தோட்டம்:

மூவருக்கும் நன்றி. கோரிமேட்டில் தெரிந்தவர் ஒருவரிடம் இருந்த கைக்கருவியை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி வந்து, எதையும் அழிக்கும் முன் ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு விளக்குகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. எஞ்சின் பக்கம் டீபிஎஃப் கோடு. ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 14 கிலோமீட்டர். ஏபிஎஸ் பக்கம் இடது முன்சக்கரம். மண் பாதையில் மெதுவாக ஓட்டியபோது அதன் எண் மட்டும் திருப்பத்துக்குத் திருப்பம் பூஜ்யத்துக்குப் போய் வந்தது. சக்கரத்துக்குள் கைவிட்டுப் பார்த்தால், சென்சார் ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து, ஒயர் டயரில் உரசி, செம்பு தெரிந்தது.

ஆனால் அந்தக் கருவியில் என் வண்டிக்கு ரீஜெனரேஷன் மெனு திறக்கவில்லை. அப்டேட் செய்தால் வரும் என்கிறார்கள். வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அதே மாடலை வாங்குவதாக இருக்கிறேன். அதுவரை கரி எரிவதற்காக வாரம் ஒருமுறை சேலம் போய்ப் புறவழிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன்.

ஐந்துரோடு வயரிங்:

ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடாதீர்கள், அடுத்த ஓடையில் தண்ணீர் புகுந்துவிடும். முழு சென்சாரையும் மாற்றிவிட்டு, கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். அப்டேட்டுக்கு ஆண்டுச் சந்தா உண்டா என்பதையும், சந்தா முடிந்த பிறகு கருவி பழைய நிலையிலேயே இயங்குமா, பூட்டிக்கொள்ளுமா என்பதையும் பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.