டிஏ பாலிஷர் போட்டதும் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு வாஷில் கீறல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது: உதவி தேவை

ஈரோடு_கறுப்புவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 6 வருடம் ஓடிய கறுப்பு ஹேட்ச்பேக். இத்தனை நாளும் வாட்டர் வாஷ் கடையில்தான் கழுவினேன். வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல் தெரிகிறது. வீட்டிலேயே சரி செய்யலாம் என்று விலை குறைந்த டிஏ (டூயல் ஆக்‌ஷன், அதாவது ஆடிக்கொண்டே சுற்றும்) பாலிஷர் ஒன்று வாங்கினேன். 600 வாட், 8 மி.மீ. த்ரோ (பேட் ஆடும் வட்டத்தின் அளவு), பேட் ஒட்டும் பிளேட் 6 இன்ச். கூடவே ஒரு கம்பளி பேட், இரண்டு ஸ்பாஞ்ச் பேட்.

போன ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வாசலில் வைத்துச் செய்தேன். மஞ்சள் ஸ்பாஞ்சில் கட்டிங் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) தாராளமாகப் போட்டு, ஸ்பீடு 6-இல் வைத்து, நன்றாக அழுத்தித் தேய்த்தேன். துடைத்ததும் அவ்வளவு பளபளப்பு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். புதன்கிழமை ஷாம்பு போட்டுக் கழுவினேன், பழைய கீறல் அத்தனையும் அப்படியே இருக்கிறது. கம்பளி பேட் போட்டுப் பார்த்த ஒரு மூலையில் மட்டும் கீறல் குறைந்திருக்கிறது, ஆனால் அந்த இடம் புகை படிந்த மாதிரி மங்கலாகிவிட்டது.

அழுத்தும்போது மெஷின் சத்தம் மாறுகிறது, கை மரத்துப் போகும் அளவுக்கு அதிர்கிறது. மெஷினில் பவர் இல்லையா? வேறு வாங்க வேண்டுமா?

பாலு_சேலம்:

எக்ஸ்டென்ஷன் வயர் நீளமா? வோல்டேஜ் இறங்கினாலும் மோட்டார் திணறும், அதை முதலில் பாருங்கள்.

ஈரோடு_கறுப்புவண்டி:

20 மீட்டர் இருக்கும் அண்ணா. 1 சதுர மி.மீ. செம்பு வயர்தான்.

மெருகு_மதுரை:

வயர் காரணமாக இருக்காது. 600 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 3 ஆம்பியர்கூட இழுக்காது. அந்த வயரில் இரண்டு வோல்ட் அளவுக்குத்தான் இறங்கும்.

நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது தம்பி. பேட் சுற்றவே இல்லை. டிஏ மெஷினில் பேட் இரண்டு விதமாக அசைகிறது. 8 மி.மீ. அளவுக்குச் சின்ன வட்டமாக ஆடுவதை மோட்டார் நேரடியாகச் செய்கிறது. பேட் தன்னைத்தானே சுற்றிக்கொள்வது அப்படி இல்லை, அது பேரிங்கில் சும்மா இருக்கிறது, ஆட்டத்தின் வேகத்தில் தானாகச் சுழல்கிறது. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், ஆட்டம் மட்டும் மிஞ்சும். சத்தம் மாறியது, கை மரத்தது எல்லாம் அதனால்தான்.

பேட் நின்றுபோனால் கிளியர் கோட் (பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு) வெட்டுப்படுவதே இல்லை என்று சொல்லலாம். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, கண்ணுக்குப் பளபளப்பு. ஷாம்பு எண்ணெயை எடுத்ததும் கீறல் வெளியே வருகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான்.

மார்க்கரால் பேட் ஒட்டியிருக்கும் பிளேட்டின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது கண் அந்தக் கோட்டிலேயே இருக்கட்டும். கோடு சுற்றுகிறதா என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். நின்றால் உடனே அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷினுடைய எடையும், அதன் மேல் கையை லேசாக வைத்த எடையும் போதும்.

கார்த்தி_டிடெய்லிங்:

அண்ணன் சொன்னது சரி, அதோடு பேட் அளவையும் சொல்கிறேன். 8 மி.மீ. த்ரோவும் 600 வாட்டும் இருக்கும் மெஷினுக்கு 6 இன்ச் பேட் பாரம். பானெட் தட்டையாக இருப்பதில்லை, நடுவில் மடிப்பு ஓடுகிறது. அதன் மேல் பெரிய பேட் பாதிதான் படியும், படிந்த பாதி இழுத்து நிறுத்திவிடும். 5 இன்ச் பிளேட்டும் தடிமன் குறைந்த 5 இன்ச் ஸ்பாஞ்சும் வாங்குங்கள். நடுவில் இருக்கும் போல்ட்டை ஆலன் கீ வைத்துக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், வாங்கும் முன் மரை அளவைப் பார்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எதிர் எடை 6 இன்ச்சுக்குக் கணக்குப் பண்ணி வைத்தது, அதனால் அதிர்வு கொஞ்சம் மாறலாம். அது பரவாயில்லை.

காலை பதினொரு மணி வெயில் கறுப்பு வண்டிக்கு ஆகவே ஆகாது. புறங்கையை பானெட்டில் வைத்தால் சுடக்கூடாது. சூட்டில் காம்பவுண்ட் காய்ந்து தூளாகி, பேட்டில் அப்பிக்கொள்ளும். ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடியுங்கள்.

வேலு:

இவ்வளவு சிரமம் எதற்கு? ரோட்டரி மெஷின் (மோட்டாரே பேட்டை நேரடியாகச் சுற்றுவது) போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கார்த்தி_டிடெய்லிங்:

பழகிய கைக்கு முடியும். முதல் முறை செய்கிறவர் கறுப்பு வண்டியில் ரோட்டரி போட்டால் வெயிலில் ஹோலோகிராம் கோடு கோடாகத் தெரியும், ஓரங்களில் பெயின்ட்டே போய்விடலாம். கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இவருக்கு டிஏதான் சரி, அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஈரோடு_கறுப்புவண்டி:

ரொம்ப நன்றி. கோடு போட்டுப் பார்த்தேன். அழுத்தினால் அப்படியே நிற்கிறது! 5 இன்ச் வாங்கிவிட்டேன். அந்த மங்கலை என்ன செய்வது? ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்?

மெருகு_மதுரை:

மங்கலுக்குப் பயப்படாதீர்கள். கம்பளி நார் போட்ட மிக நுண்ணிய கீறல்கள்தான் சேர்ந்து புகை மாதிரித் தெரிகின்றன. மென்மையான ஸ்பாஞ்ச், ஃபினிஷிங் பாலிஷ் (காம்பவுண்டைவிட நைசானது), ஸ்பீடு 4, அழுத்தமே வேண்டாம். போய்விடும்.

முழு பானெட்டையும் ஒரே நாளில் செய்ய நினைக்காதீர்கள். நன்றாகக் கழுவி, கிளே பார் (ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) போட்டு, பிளாஸ்டிக் ஓரங்களிலும் மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்பாலேயே இரண்டு அடிக்கு இரண்டு அடி கட்டம் ஒன்று. பேட்டில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை அணைத்த நிலையில் தடவிவிட்டு, ஸ்பீடு 5-இல் ஒரு விநாடிக்கு ஒரு இன்ச் என்று நகர்த்துங்கள். முதலில் குறுக்கே, அப்புறம் நெடுக்கே, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடும்படி. நாலு சுற்று போதும். முதலில் ஃபினிஷிங் பாலிஷிலேயே முயலுங்கள். கீறல் போகாவிட்டால்தான் காம்பவுண்ட்.

துடைத்ததும் எண்ணெயை எடுக்காமல் முடிவு சொல்லாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 15 மி.லி., பேட்டரி தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) 85 மி.லி. கலந்து ஸ்பிரே பண்ணி, மைக்ரோஃபைபரால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம். அந்தக் கட்டத்தில் எது வேலை செய்ததோ அதையே மற்ற இடத்துக்கும் வையுங்கள்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேட்டை பிரஷ்ஷால் சுத்தம் பண்ணுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாமல் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே ஒரே இடத்தில் நிற்காதீர்கள்.

ஈரோடு_கறுப்புவண்டி:

இன்று காலை பானெட்டின் இடது பாதி முடித்தேன். ஃபினிஷிங் பாலிஷ் மட்டும் போட்டபோது மங்கல் முழுக்கப் போனது, வலைக் கீறல் பாதிதான் குறைந்தது. பிறகு 5 இன்ச் ஸ்பாஞ்சில் காம்பவுண்ட் நாலு சுற்று, மேலே ஃபினிஷிங். ஆல்கஹால் போட்டுத் துடைத்தும் சுத்தமாக இருக்கிறது. கை மரக்கவில்லை, மார்க்கர் கோடு கடைசி வரை சுற்றிக்கொண்டே இருந்தது. டேப்பை எடுத்தபோது இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைப் பார்த்து அப்பா நம்பவே இல்லை.

நகத்தில் தட்டுப்படும் நீளக் கீறல் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னும் இரண்டு சுற்று போடலாமா?

மெருகு_மதுரை:

போடாதீர்கள் தம்பி. நகம் தட்டினால் அது கிளியர் கோட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. அதை எடுக்கப் போனால் சுற்றி இருக்கும் நல்ல கோட்டும் போய்விடும். அப்படியே விட்டுவிட்டு வலது பாதியை முடியுங்கள். மேலே வேக்ஸோ சீலன்ட்டோ போட மறக்காதீர்கள். கழுவும்போது இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசும் தண்ணீர். போர் தண்ணீர் என்றால் வண்டி மேலேயே காய விடாமல் துடைத்துவிடுங்கள், உப்புக்கறை கறுப்பில் உடனே பிடிக்கும்.