கையால் சுற்றிய சுருட்டு: இலண்டனில் வாங்கி நானுஓயாவில் வைத்துக்கொள்வது எப்படி?

நானுஓயாவாசி:
வணக்கம். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு, கையால் சுற்றிய தரமான வெளிநாட்டுச் சுருட்டுகள் சிலவற்றைக் கொடுக்க விரும்புகிறேன். இதுவரை அவர் புகைத்தது யாழ்ப்பாணச் சுருட்டு மட்டுமே. அதுவும் மாலையில் ஒன்று. சித்திரைப் புத்தாண்டுக்கு இலண்டனிலிருந்து வரும் என் தம்பி அங்குள்ள கடையில் வாங்கி வருவதாகச் சொல்கிறான், ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. கியூபாச் சுருட்டுத்தான் வேண்டுமா? பெட்டியாக வாங்குவதா, தனித்தனியாகவா? ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் வீட்டு அலுமாரியில் வைத்த தோல் செருப்பே பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படியிருக்கச் சுருட்டை எங்கே வைப்பது?

பண்டாரவளை அண்ணன்:
தம்பியை விமான நிலையக் கடையிலோ இணையத்தில் மலிவாக விற்பவரிடமோ வாங்க விடாதீர்கள். சுருட்டுக்கென்றே நடத்தப்படும் கடைகள் இலண்டனில் உண்டு. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் உள்ள ஜேம்ஸ் ஜே. ஃபாக்ஸ் 1787 முதல் நடக்கிறது, சர்ச்சிலும் அங்கே வாடிக்கையாளராக இருந்தார். இத்தகைய கடைகளில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய அறையிலோ பெட்டகத்திலோ சுருட்டுகளை வைத்திருப்பார்கள். அதைக் காட்டத் தயங்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

பெட்டி வேண்டாம். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரியாத நிலையில், வெவ்வேறு வகையில் நாலைந்து சுருட்டுகளைத் தனியாக வாங்குவதே புத்தி. பருமனை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு என்ற அலகில் சொல்வார்கள்: ரொபஸ்டோ என்ற தடித்த வகை 124 மில்லிமீற்றர் நீளமும் 50 பருமனும் கொண்டது, பெட்டிட் கொரோனா என்ற மெல்லிய வகை 129 மில்லிமீற்றர் நீளம், பருமன் 42. பிரித்தானியாவில் சுருட்டுத் தீர்வை எடைக்கு விதிக்கப்படுவதால் தடித்த சுருட்டுக்கு வரியும் கூடும். மாலையில் ஒன்று பிடிப்பவருக்குச் சிறியதே போதும். கியூபாதான் வேண்டும் என்பதில்லை. நிக்கராகுவா, டொமினிக்கன் குடியரசுச் சுருட்டுகளில் அதற்கு ஈடானவை தாராளமாகக் கிடைக்கின்றன.

கியூபாப் பெட்டியொன்று யாராவது கொடுத்தால் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முழுவதும் கையால் செய்தது என்பதற்கு ‘டோட்டல்மென்டே எ மானோ’ என்று சூட்டு முத்திரை இருக்க வேண்டும். கொஹிபா என்ற பேர்போன கியூபாச் சுருட்டு கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் வந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

சுருட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெல்ல அழுத்தினால் சற்று அமுங்கி மீள வேண்டும். மொறுமொறுத்தால் காய்ந்தது, ஓரிடத்தில் மட்டும் கல்போல இருந்தால் அங்கே இலை நெரிந்து கிடக்கிறது, புகை வராது.

கொழுந்துக்காரன்:
அண்ணன் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ‘சிறியதே போதும்’ என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மெல்லிய சுருட்டு சூடேறிக் காரமாகிவிடும், அவசரமாக இழுப்பவருக்கு ரொபஸ்டோவே பொறுமை கற்றுக்கொடுக்கும். உங்கள் மாமனார் டீமேக்கர் என்பதால் இது அவருக்குச் சுவையாக இருக்கும்: தேயிலையில் நுனிக்கொழுந்து மென்மைக்குப் பேர்போனது, சுருட்டுப் புகையிலையிலோ வெயிலை அதிகம் வாங்கும் உச்சி இலைதான் மிகவும் காரமானது, மெதுவாக எரிவது. அதை லிஹேரோ என்பார்கள். சுற்றும்போது நடுவில் வைப்பார்கள்.

இனிப் பாதுகாப்பு. கொழும்பில் இருப்பவர்கள் வெப்பத்தில் பொரிக்கும் புகையிலை வண்டுக்குப் பயப்பட வேண்டும். நமது குளிரில் அந்தக் கவலை குறைவு. நமக்கு எதிரி ஈரம். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும், நுவரெலியாப் பக்கத்து மழைக்காலக் காற்றில் அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே அழகான மரப்பெட்டியை நம்பாமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், ஈரத்தை உறிஞ்சியும் கொடுத்தும் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலத்துடன் வையுங்கள். அந்தப் பொட்டலத்தையும் அதே கடையில் தம்பி வாங்கலாம். சமையலறையிலும் மசாலாப் பக்கத்திலும் டப்பாவை வைக்காதீர்கள், தேயிலையைப் போலவே சுருட்டும் அயல் வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

நானுஓயாவாசி:
இருவருக்கும் நன்றி. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? மேலே வெள்ளையாகப் படிந்தால் எறிந்துவிட வேண்டுமா?

கொழுந்துக்காரன்:
குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். இலை காய்ந்துவிடும், நேற்றைய மீன்குழம்பு வாசனையும் ஏறும். வெள்ளைப் படிவு பஞ்சு போல எழும்பியிருந்தாலோ பச்சை, நீல நிறம் தெரிந்தாலோ அது பூஞ்சணம். வெளியே சுற்றியிருக்கும் போர்வை இலையில் மட்டும் லேசாக இருந்தால் துடைத்துவிடலாம். எரியும் முனையின் உள்ளே புகுந்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

பண்டாரவளை அண்ணன்:
ஒன்றை விட்டுவிட்டேன். வாயில் வைக்கும் தலைமுனையில் சிறு இலைத் துண்டு தொப்பி போல் ஒட்டப்பட்டிருக்கும். தம்பியிடம் சுருட்டு வெட்டும் கருவி ஒன்றையும் வாங்கச் சொல்லுங்கள். தொப்பியின் விளிம்புக்கு மேலே சுமார் 2 மில்லிமீற்றர் மட்டும் வெட்ட வேண்டும், அதற்குக் கீழே வெட்டினால் போர்வை இலை முழுவதும் அவிழ்ந்துவிடும்.