மறுமொழி: "நீர்ச்சேத மறுசீரமைப்பு" – ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

நீர் புகுந்து கெட்ட கட்டடங்களைச் சரிசெய்யும் தொழிலுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வந்த மடலைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

> வாட்டர் டேமேஜ் ரெஸ்டோரேஷனுக்கு "நீர்ச்சேத மறுசீரமைப்பு" என்று போட்டால் முடிந்தது. இதில் பேச என்ன இருக்கிறது ஐயா?

தம்பி, முதலில் அந்த 'மறு'வை எடுத்துவிடலாம். கெட்டுப்போனதைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவருவதைத்தான் சீரமைப்பு என்கிறோம். 'மறுசீரமைப்பு' என்றதும் எனக்குக் கடனும் நிர்வாகமும்தான் நினைவுக்கு வருகின்றன. "நீர்ச்சேதச் சீரமைப்பு" என்பது இந்தத் தொழிலின் பெயராக இருக்கட்டும், பெயர்ப்பலகையிலும் எழுதலாம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்தத் தொழிலுக்குள்ளே நடக்கும் முக்கியமான வேலைக்கு, அதாவது சுவருக்கும் தரைக்கும் மரத்துக்கும் உள்ளே போய்விட்ட நீரை வெளியே கொண்டுவரும் வேலைக்கு, நம்மிடம் இன்னும் சொல் இல்லை. "காயவைத்தல்" என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்தச் சொல்லால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் இரவில் பிய்த்துக்கொண்டது. விடிவதற்குள் மூன்று அறைகளில் நீர். சுத்தம் செய்ய வந்தவர்கள் நீரை இறைத்தார்கள், துடைத்தார்கள், சன்னல்களைச் சாத்திவிட்டு விசிறிகளை மூன்று நாள் ஓடவிட்டார்கள், அப்புறம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்றார்கள். நம்பி வண்ணம் அடித்தோம். சில வாரங்களில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, அலமாரியின் பின்புறம் முழுக்கக் கரும்பூஞ்சணம். அவர்கள் பொய் சொல்லவில்லை. கைக்குத் தெரிந்தவரை அது காய்ந்துதான் இருந்தது. துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கலாம், சுவரைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் மேற்பரப்பு முதலில் காய்ந்துவிடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

அதனால்தான் நான் மூன்று சொற்களைப் பிரித்து வைக்கவேண்டும் என்கிறேன். கண்ணுக்குத் தெரிந்து, கையில் ஒட்டுவது ஈரம். காற்றில் ஆவியாக இருப்பது ஈரப்பதம். பொருளுக்குள் ஊறி நிற்பது ஓதம். மூன்றாவதும் பழைய சொல்தான், "தரை ஓதமாக இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று "டேம்ப் அடித்திருக்கிறது" என்கிறோமே, அதேதான். ஈரத்தை இறைத்தும் துடைத்தும் எடுத்துவிடலாம். ஓதத்தை அப்படி எடுக்க முடியாது, அது ஆவியாகி ஈரப்பதமாக மாறவேண்டும், அந்த ஈரப்பதத்தைக் காற்றிலிருந்து பிடித்து வெளியேற்றவேண்டும். வேலை முழுவதும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நடக்கிறது, மூன்றையும் "ஈரம்" என்றே எழுதினால் எந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றே விளங்காது.

ஓதத்தை வெளியேற்றும் வேலைக்கு முதலில் "ஓதமிறக்கம்" என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஓதம் ஏறியது என்கிறோம், ஏறியதை இறக்குகிறோம், கருவியின் அளவும் நாளுக்கு நாள் இறங்குகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே அக்கா ஒருவர் இங்கே எழுதிவிட்டார்:

> ஓதம் என்றால் பள்ளிப் பாடநூலில் கடல் ஓதம். உயர் ஓதம், தாழ் ஓதம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு நோயின் பெயரும்கூட. குழப்பம் வராதா?

வரும் அக்கா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. "ஓதமிறக்கம்" என்று தனியாகப் பார்ப்பவர் கடல் உள்வாங்குவதாகத்தான் நினைப்பார். அதனால் அதை விட்டுவிட்டு "உள்ளோதம்" என்கிறேன். சுவரின் உள்ளோதம், மரத்தின் உள்ளோதம். கடலோடும் நோயோடும் கலக்காது. வேலையின் பெயர் "உள்ளோத நீக்கம்". பேச்சில் "உள்ளோதம் இறங்கிவிட்டதா?" என்று தாராளமாகக் கேட்கலாம். முனை குத்தியோ குத்தாமலோ பொருளின் நீரளவைக் காட்டும் கருவி "உள்ளோதமானி". ஈரப்பதமானி ஏற்கெனவே காற்றை அளக்கிறது, அதையும் இதையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் சந்தையில் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வருகிறார்கள். மரத்தில் இந்த அளவு 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளுக்கு வழி திறக்கிறது என்பார்கள், அதை உள்ளங்கை சொல்லாது.

விசிறி பற்றியும் ஒரு வார்த்தை. ஏர் மூவர் என்பதை இந்த இழையில் "மின்விசிறி" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். தரையோடு வைத்து, சுவரை ஒட்டிக் காற்று வழுக்கிக்கொண்டு ஓடும்படி சாய்வாகத் திருப்பிவிடும் கருவி அது. நனைந்த பரப்பின்மேல் ஆவி நிறைந்த காற்று மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கும், அது நகர்ந்தால்தான் அடுத்த ஆவி எழும். காற்றோட்டம் என்ற சொல் இருக்கிறதே, "காற்றோட்டி" என்போம்.

டிஹ்யூமிடிஃபையருக்கு "ஈரப்பத நீக்கி" போதும். குளிர்ந்த சுருளில் ஆவியை நீராகப் படியவைப்பது ஒரு வகை, சிலிக்கா ஜெல் போன்ற உறிஞ்சுபொருளால் இழுப்பது இன்னொரு வகை, அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கருவி இல்லாமல் காற்றோட்டியை மட்டும் மூடிய அறையில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 17 கிராம் ஆவியைத்தான் தாங்கும், 30 டிகிரியில் 30 கிராம். அதற்குமேல் போக இடமில்லை. சுவரிலிருந்து கிளம்பிய ஆவி, நனையாமல் இருந்த அலமாரியிலும் புத்தகங்களிலும் போய் ஏறிக்கொண்டது. நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நாங்கள் மூன்று நாள் ஈரப்பதத்தை வீட்டுக்குள்ளேயே சுற்றவிட்டோம்.

நீர்ச்சேதச் சீரமைப்புக்கென்றே உள்ள எஸ்500 தரநிலையின் கேட்டகரி, கிளாஸ் இரண்டையுமே "வகை" என்று பெயர்த்திருப்பதை மாற்றியே ஆகவேண்டும். முதலாவது நீர் எவ்வளவு அழுக்கு என்பது: 1 குடிநீர்க் குழாய் போன்ற தூய மூலம், 2 துவைத்த நீர் போன்றது, 3 கழிவுநீர். இதை "மாசுநிலை" என்றால் எண் ஏற ஏறக் கேடு என்பது சொல்லிலேயே தெரியும், "தரம் 3" என்று எழுதினால் தெரியாது. மாசுநிலை 1 நாள்பட நின்றால் 2 ஆகும் என்ற எச்சரிக்கையும் இயல்பாகப் பொருந்தும். இரண்டாவது, எவ்வளவு ஆவியாக்கவேண்டியிருக்கிறது என்பது. "நனைவுநிலை" என்கிறேன். அதில் 4 என்பது கான்கிரீட், கடினமரம் போன்றவற்றில் ஆழமாகப் போய், எளிதில் வெளிவராத உள்ளோதத்தைக் குறிக்கிறது, ஆகவே "நனைவு" என்ற சொல் அதற்குச் சற்று மேலோட்டமாகத்தான் படுகிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் என்னுடையதை விட்டுவிடுகிறேன். "ஊறல்நிலை" யோசித்தேன், ஊறலுக்கு வேறு பொருள்கள் முந்திக்கொள்கின்றன.

வேலையை எப்போது நிறுத்துவது என்பதற்கும் சொல் வேண்டும். அதே கட்டடத்தில் நனையாத இடத்தில், அதே பொருளில் உள்ளோதமானியை வைத்து அளவெடுத்து, நனைந்த இடமும் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும்வரை கருவிகளை ஓட்டுகிறார்கள். அந்த அளவை "உலர்வு இலக்கு" என்று குறித்துவைத்திருக்கிறேன். "உங்கள் உலர்வு இலக்கு என்ன, இன்றைய அளவு என்ன?" என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் வண்ணம் அடிக்க ஆள் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

எனக்குச் சொல் கிடைக்காத இடம் அந்த அலமாரிதான். நீர் அதைத் தொடவே இல்லை, காற்று வழியாக ஓதம் ஏறிக் கெட்டது. செகண்டரி டேமேஜ் என்கிறார்கள். "இரண்டாம்நிலைச் சேதம்" என்றால் அது ஏதோ சின்னச் சேதம் போலத் தொனிக்கிறது, "வழிச்சேதம்", "தொடர்சேதம்" இரண்டும் ஒட்டவில்லை. அக்கா, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?