‘இனி செயற்கை நுண்ணறிவை யாராலும் தடுக்க முடியாது’ என்று உங்களிடம் யாரேனும் சொன்னதுண்டா? மலையிலிருந்து சில அனுபவங்கள்

கோத்தகிரி – ஓய்வுபெற்ற ஆசிரியை

சென்ற ஐப்பசியில், மூன்று நாள் விடாத தூறலுக்குப் பிறகு, எங்கள் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் பறித்த 64 கிலோ பச்சைத் தேயிலையை வழக்கம்போல் கொள்முதல் செய்யும் இடத்துக்கு ஏற்றிச் சென்றேன். இருபது ஆண்டுகளாக அங்கே ஒரே முறைதான். மேற்பார்வையாளர் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்புவார். வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பது போலக் காம்பை ஒடித்துப் பார்ப்பார். நார் இழுக்காமல் ஒடிந்தால் இளங்கொழுந்து, நார் இழுத்தால் முற்றல். ஈரத்துக்காக எத்தனை கிலோ கழிப்பது என்று அதன் பிறகு பேசி முடிப்போம்.

அன்று தட்டுக்கு மேலே ஒரு தாங்கியில் கைபேசி பொருத்தப்பட்டிருந்தது. அது படம் எடுத்தது. திரையில் ‘தரம் 41’ என்று வந்தது. நல்ல இலைக்கான விலை எனக்கு இல்லை என்பது அதன் பொருள். அந்த மேற்பார்வையாளர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். காம்பை ஒடித்துப் பார்க்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, “டீச்சர், நான் போட்ட மார்க் இல்லை இது, மெஷின் போட்டது. இனிமே எல்லாம் இப்படித்தான், யாரும் தடுக்க முடியாது” என்றார்.

குறைந்த பணத்தைவிட அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. இத்தகைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், தரம் குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. காய்ந்த இலையின் படங்களையே பெரும்பாலும் பார்த்துப் பழகிய ஒன்று, நனைந்து குழல்விளக்கின் கீழ் மினுங்கும் இலையைத் தவறாக மதிப்பிடுவது இயல்பு. அன்று அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். மனிதரும் தவறுவார், ஆனால் அவரிடம் “இன்னொரு பிடி அள்ளிப் பாருங்கள்” என்று சொல்ல முடியும்.

செயற்கை நுண்ணறிவின் எழுச்சியை ஏதோ பருவமழை போலப் பேசுகிறார்கள். அந்தப் பெயர் 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கூடிய சில அறிஞர்களால் பரவியது. 1973இல் பிரிட்டனில் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் இந்த ஆய்வைக் குறைகூறி அளித்த அறிக்கைக்குப் பின் அங்கே அந்த ஆய்வுக்கான நிதி சுருங்கியது. 1980களின் இறுதியில் மீண்டும் ஒரு தேக்கம் வந்தது. பிறகு 2012இல் படங்களை இனங்காண்பதில் பெரும் பாய்ச்சல், 2017இல் மொழிக்கான புதிய கட்டமைப்பு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. பணம் நின்றபோது அதுவும் நின்றது. பணம் வந்தபோது வளர்ந்தது. இன்றும் மிக நுண்ணிய கணினிச் சில்லுகளை அச்சிடத் தேவையான இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே நிறுவனம்தான் செய்கிறது. இவ்வளவு பேர் கையெழுத்திட்டு, காசு கொடுத்து, மின்சாரம் கொடுத்து வளர்க்கும் ஒன்றைத் தலைவிதி என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

இதற்கு எதிரான சான்றும் எங்கள் மலையிலேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஊட்டியில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ படச்சுருளையும் எக்ஸ்ரே பிலிமையும் நாடே பயன்படுத்தியது. டிஜிட்டல் படக்கருவி பரவியபின் பிலிமுக்கே சந்தை இல்லாமல் போனது. அந்தக் கருவியின் முதல் வடிவத்தை 1975இல் செய்தவர், பிலிம் விற்றே வளர்ந்த கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன். கோடாக் பல ஆண்டுகள் அதில் தயங்கியது; ஆனாலும் மற்றவர்கள் செய்தார்கள், உலகம் மாறியது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் செய்வார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆயினும், நீலகிரியின் மேற்குச் சரிவையொட்டிய கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வந்தே தீரும் என்றார்கள்; வரவில்லை, 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மசினகுடிக்கு அருகே சிங்காராவில், நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். யானைகளின் வழித்தடத்தையும் முதுமலையையும் கருதி 2009இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த இடத்துக்கு அனுமதி மறுத்தது. நியூட்ரினோ பற்றிய அறிவை யாரும் மறுக்கவில்லை, ‘இந்த இடத்தில் வேண்டாம்’ என்றார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் நான் கேட்பது அதைத்தான். அறிவு வரட்டும். அது எந்த வேலையில் அமர வேண்டும், அது தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாதா? உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

கூடலூர் – தோட்டத் தொழிலாளர் குடும்பம்

ஆசிரியை எழுதியதைப் படித்ததும் என் அப்பா நினைவுக்கு வந்தார். இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்து கப்பலேறி வந்தவர் அவர். அதையும் எங்கள் சனத்திடம் ‘தவிர்க்க முடியாதது’ என்றுதான் சொன்னார்களாம். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று எண்ணிக் கையெழுத்திட்ட ஒன்று எப்படித் தவிர்க்க முடியாததாகும் என்று அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தை நான் வேண்டும் என்கிறேன். அதிகாலையில் பனிமூட்டத்தில் பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும்போது பத்தடி தூரத்தில் யானை நிற்பது தெரியாமல் உயிரை விட்டவர்களை எங்களுக்குத் தெரியும். கோவை அருகே மதுக்கரை ரயில் பாதையில் 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. அதன் பின் அங்கே கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமராக்களும் யானையை இனங்காணும் செயற்கை நுண்ணறிவும் பொருத்தப்பட்டு, 2024 முதல், யானை பாதையை நெருங்கினாலே செய்தி போகிறது. எங்கள் கூடலூர்ப் பகுதியிலும் அத்தகைய கேமராக்கள் வந்துள்ளன. இருட்டில் நம் கண்ணுக்குத் தெரியாததை அது பார்க்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். ஒரு நாள் காலை என் மனைவி கொழுந்துக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சரிவில் கிளை முறியும் சத்தம் கேட்டு, பின்னால் வந்த பெரியம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். ஒரு தாயும் குட்டியும் பாதையைக் கடந்து போயின. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னல் கிடையாது. முக்கால் மணி நேரம் கழித்துச் சாலை மேட்டுக்கு ஏறியபோதுதான் அவளது கைபேசியில் எச்சரிக்கைச் செய்தி வந்து விழுந்தது. கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. லயத்துக்கு ஒரு கோபுரமோ, ஒரு சைரனோ வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. நகரத்தில் இது தானாகவே எங்கும் பரவும் என்கிறார்கள். எங்களுக்கோ கேட்டால்கூட வந்து சேர்வதில்லை.

கொடைக்கானல் – சுற்றுலா வழிகாட்டி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இங்குள்ள சூரிய வானாய்வகத்துக்கு மாணவர்களைப் பல முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். சூரியப் புள்ளிகளில் (சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளில்) வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களும், கையால் வரைந்த சூரிய வரைபடங்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. அவற்றை இப்போது கணினிப் படிவமாக்கி, புள்ளிகளையும் இழை போலத் தெரியும் வாயுக் கோடுகளையும் இயந்திரக் கற்றல் மூலம் இனங்காண்கிறார்கள். மனிதக் கண்ணை மட்டும் நம்பினால் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை அது. இத்தகைய பணிக்கு இயந்திரம் வருவது தவிர்க்க முடியாததுதான், வரவேற்கவும் வேண்டும்.

ஒரு மாணவி கேட்ட கேள்வி மட்டும் என்னைவிட்டு அகலவில்லை. “இவ்வளவு வருஷமா யாரும் வரையாம விட்டிருந்தா மெஷின் எதைப் படிச்சிருக்கும் அண்ணா?” என்றாள். மேகம் விலகும் நேரம் பார்த்துக் காத்திருந்து, பென்சிலால் புள்ளி வைத்த அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

கோத்தகிரி – ஓய்வுபெற்ற ஆசிரியை

இருவருக்கும் நன்றி. கூடலூர் சகோதரர் சொன்னதைப் படித்தபோது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றி மட்டுமே நான் எழுதியிருந்தது உறைத்தது. எங்கே வேண்டும் என்று கேட்பவர்களின் குரலும் அதே அளவுக்குக் கேட்கப்படாமல்தான் இருக்கிறது.

என் இலைக்கு என்ன ஆனது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் பதினொரு சிறு விவசாயிகள் சேர்ந்து போய்ப் பேசினோம். கைபேசியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது குறைந்த மதிப்பெண் காட்டும் சாக்கை எங்கள் முன்னிலையில் கையால் சோதித்து, சோதித்தவர் பெயரையும் எழுத வேண்டும் என்று கேட்டோம். இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

போன வாரமும் மழை. திரையில் 47 வந்தது. மேற்பார்வையாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாக்கின் அடியிலிருந்து அள்ளினார். ஆறு காம்புகளை ஒடித்தார், ஒன்றில் மட்டும் நார் இழுத்தது. 47ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 66 என்று எழுதி, கீழே தன் பெயரை முழுதாக எழுதினார்.